வாய்ப் புற்றுக்கு ஸ்டேஜ் எழுத எது போதும்: விரலா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா, பெட் ஸ்கேனா?

சென்ற ஐப்பசியில், குறுவை அறுவடை முடிந்தும் முடியாமலும் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அப்பாயி ஒருவர் பேரனோடு எங்கள் ஓ.பி.க்கு வந்தார். வலது கன்னத்தில் புற்று. வேறு ஊரில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கையில் டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்று, பயாப்சி ரிப்போர்ட் ஒன்று. "கரண்ட் வைக்கணும்னு சொல்லி அனுப்புனாங்க சார்" என்றான் பேரன். கரண்ட் என்றால் இங்கே கதிர்வீச்சு. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேன் எங்கே என்று கேட்டேன். எடுத்ததாகவும், வீடு ஒழுகி ஃபிலிம் நனைந்து ஒட்டிப்போய்விட்டதாகவும் சொன்னான். சீட்டில் ஸ்டேஜ், அதாவது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை, எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கதிர்வீச்சு மருத்துவருக்கு அந்தக் காலி இடம் பெரிய இழப்பு. கட்டி வெட்டப்பட்டுவிட்டது, ஆனால் நாம் கதிர் வைப்பது கட்டி இருந்த இடத்துக்கு. அது மேல் ஈறு வரை போயிருந்ததா, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஏறியிருந்ததா, கன்னத்துத் தோலை உள்ளே இழுத்திருந்ததா, கழுத்து நெறி (நிணநீர்க் கணு) கையில் நகர்ந்ததா, ஒட்டிப்போயிருந்ததா என்பதெல்லாம் ஆபரேஷனுக்கு முன் பார்த்தவருக்குத்தான் தெரியும். பயாப்சி ரிப்போர்ட் ஆழம் சொல்லும், வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமா என்று சொல்லும், எத்தனை நெறியில் புற்று இருந்தது என்று சொல்லும். வாய் எத்தனை விரல் திறந்தது என்று சொல்லாது. தெரியாதபோது என்ன செய்வோம்? பயத்தில் கதிர் விழும் எல்லையைப் பெரிதாக வரைவோம். மறுபக்கக் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கதிர் போகும். அப்புறம் வாழ்நாள் முழுக்க உலர்ந்த வாய், தண்ணீர் ஊற்றி விழுங்கும் சோறு. ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கதிர் தொடங்க வேண்டும் என்பதால் ஆற அமர விசாரிக்கவும் நாள் இல்லை.

அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். டெல்டாவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் இளம் மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி: வாய்ப் புற்றுக்கு ஸ்டேஜ் எழுத எந்தச் சோதனையைக் கேட்பது? எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்பது பதில் இல்லை. வேதாரண்யத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ் பிடித்து வருகிறவருக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் இன்னொரு கூலி. நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் இரண்டாவது முறை வரச் சொன்னால் சிலர் வருவதே இல்லை. ஒரே பயணத்தில் எந்தச் சோதனை சிகிச்சையை மாற்றக்கூடிய விடையைத் தரும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐயம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை கொடிக்கால் வெற்றிலை இந்த மண்ணின் பெருமை. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்குப் பழக்கத்தையும், பாக்கைத் தன்னளவிலும், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் வைத்தது. புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறவருக்கு அடக்கும் பக்கத்திலேயே புண் வருகிறது. எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று கேட்டால், பாதி நேரம் கட்டி எங்கே என்பது வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். பாக்கு வாயை இறுக்கும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸையும் தருகிறது. அது ஸ்டேஜ் கணக்கை எப்படிக் குழப்பும் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவுகோல். புற்றின் நிலையைக் கட்டி (டி), நெறி (என்), தொலைவுப் பரவல் (எம்) என்று பிரித்து எழுதும் முறை டி.என்.எம். அதன் எட்டாவது பதிப்பு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாய்ப் புற்றில் அது கொண்டுவந்த பெரிய மாற்றங்கள் இரண்டு: ஊடுருவல் ஆழம், நெறியின் உறையைத் தாண்டுதல். கட்டி 2 செ.மீ.க்குள், ஆழம் 5 மி.மீ.க்குள் என்றால் டி1. 2 செ.மீ.க்குள் இருந்தும் ஆழம் 5 மி.மீ.யைத் தாண்டி 10க்குள் இருந்தாலோ, 2 முதல் 4 செ.மீ. வரை இருந்து ஆழம் 10க்குள் இருந்தாலோ டி2. அதே 2 முதல் 4 செ.மீ. கட்டி 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் டி3; 4 செ.மீ.யைத் தாண்டி ஆழம் 10க்குள் என்றாலும் டி3. 4 செ.மீ.யையும் 10 மி.மீ.யையும் சேர்ந்தே தாண்டினால், அல்லது தாடை எலும்பின் புறணியை, கன்ன எலும்புக் குழியை, முகத் தோலைத் தொட்டால் டி4ஏ. மெல்லும் தசைகள் இருக்கும் அறை, மேல்தாடைக்குப் பின்னால் இருக்கும் டெரிகாய்டு எலும்புத் தகடு, மண்டையோட்டு அடி, உள் கரோடிட் தமனியைச் சுற்றிக்கொள்வது எல்லாம் டி4பி. ஒரு எச்சரிக்கை: முதல் அச்சில் 10 மி.மீ.க்கு மேல் என்றாலே டி3 என்று இருந்தது, பிறகு திருத்தினார்கள். பழைய சார்ட் சுவரில் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள்.

ஆழமும் தடிமனும் ஒன்றல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து நல்ல சளிச்சவ்வின் அடித்தளத்திலிருந்து கோடு இழுத்து, அங்கிருந்து கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் ஆழம். காலிஃபிளவர் போல வெளியே துருத்தும் கட்டிக்குத் தடிமன் அதிகம், ஆழம் குறைவு. குழிந்த புண்ணுக்கு நேர்மாறு. நாக்கில் 1.8 செ.மீ. புண், ஆழம் 7 மி.மீ.; பழைய ஏழாவது பதிப்பில் அது டி1, இப்போது டி2. கன்னத்தில் 3 செ.மீ. கட்டி, ஆழம் 12 மி.மீ.; அப்போது டி2, இப்போது டி3. டி3 என்றானதும் ஆபரேஷனுக்குப் பின் கதிர் என்ற பேச்சு வந்துவிடுகிறது. ஒரு எழுத்தும் எண்ணும் ஆறு வாரச் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

இனி விரல். இதற்குக் காசு இல்லை, வரிசை இல்லை. அதனாலேயே மதிப்புக் குறைந்து கிடக்கிறது. கையுறை போட்ட விரலைக் கட்டியின் மேல் வைத்து, மறு கையை வெளியே கன்னத்தில் வைத்து உருட்டிப் பார்த்தால், மேலோட்டமானதா, நடுத்தர ஆழமா, நன்றாக இறங்கியதா என்ற மூன்றையும் பிரித்துவிடலாம். எட்டாவது பதிப்பே கைப் பரிசோதனையில் இதைப் பிரிக்க முடியும் என்றுதான் சொல்கிறது. தோல் சுருங்குவதும், நெறி ஒட்டியிருப்பதும் விரலுக்குத்தான் முதலில் தெரியும். அதைவிட முக்கியம், உறையைத் தாண்டியது என்று சிகிச்சைக்கு முன்பே எழுத ஸ்கேன் மட்டும் போதாது. தோலில் பரவியது, கீழே தசையிலோ பக்கத்திலோ ஒட்டிக்கொண்டது, நரம்பு செயலிழந்தது என்று கையிலும் கண்ணிலும் தெரிய வேண்டும். 2 செ.மீ. நெறி தோலோடு ஒட்டியிருந்தால் ஏழாவது பதிப்பில் என்1, எட்டாவதில் என்3பி. அதை எழுதும் உரிமை ரேடியாலஜிஸ்டுக்கு இல்லை, தொட்டுப் பார்த்தவருக்குத்தான். தொட்டுப் பார்க்காமல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து ஸ்டேஜ் எழுதும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

விரலின் குறை கழுத்தில். தடித்த கழுத்தில் ஒரு செ.மீ. நெறி கைக்கு அகப்படாது. ஆழத்தில் பின்னால் போவதும், எலும்புக்குள் நுழைவதும் தெரியாது. வலியில் நோயாளி விரலைக் கடித்துவிட்டால் பரிசோதனை அத்தோடு முடிந்தது.

கழுத்துக்கு விரலுக்கு அடுத்த படியாக நான் சொல்வது அல்ட்ராசவுண்டும் ஊசியும். நெறி சந்தேகமாக இருந்தால் பார்த்துக்கொண்டே ஊசி குத்திச் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை எடுத்துவிடலாம். அதே நாளில் முடியும், செலவும் குறைவு. புண்ணில் கிருமி சேர்ந்து நெறி கட்டுவது இங்கே சாதாரணம். காசநோய் நெறியும் உண்டு. படத்தில் பெரிதாகத் தெரியும் எல்லா நெறியும் புற்று அல்ல. ஊசி அந்தச் சண்டையை முடித்துவைக்கும்.

ஆனால் எந்தச் சோதனையும் கண்ணுக்குத் தெரியாத சிறு பரவலைக் காட்டாது. இதற்கு நல்ல சான்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து 2015இல் வந்த ஆய்வு. ஆரம்ப நிலை வாய்ப் புற்றில், நெறி தெரியாதவர்களுக்கும் முதலிலேயே கழுத்து அறுவை செய்தபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம். நெறி வரட்டும் என்று காத்திருந்தபோது 67.5 சதவீதம். ஆகவே என்0 (நெறியில் புற்று இல்லை) என்று ஸ்கேன் சொன்னாலும் கழுத்து சுத்தம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சி.டி.க்கு வருவோம். டெல்டாவில் கன்னம், ஈறு, கடைவாய்ப் பகுதிப் புற்றுக்கு என் முதல் தேர்வு இதுதான், தயக்கமில்லாமல். எலும்பின் புறணி அரிக்கப்பட்டதா என்று தெளிவாகக் காட்டும். சில நிமிடத்தில் முடியும். எச்சில் விழுங்கிக்கொண்டு படுக்கும் வயதானவருக்கு அது பெரிய உதவி. மண்டையோட்டு அடியிலிருந்து கழுத்து வரை, முற்றிய நிலை என்றால் அப்படியே நெஞ்சு வரை ஒரே படுக்கையில் பார்த்துவிடலாம். நுரையீரலுக்குத் தனிப் பயணம் மிச்சம். சிறுநீரகம் சரியா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டுக் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, 3 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக, எலும்புக்கும் தசைக்கும் தனித்தனியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இதில் பலர் விட்டுவிடும் ஒன்று, கன்னத்தை உப்பவைத்து எடுப்பது. உதட்டை மூடி, பலூன் ஊதுவது போலக் கன்னத்தைக் காற்றால் நிரப்பிக்கொள்ளச் சொன்னால், கன்னத்தின் உட்புறமும் ஈறும் விலகி நிற்கும். கட்டி எதிலிருந்து வந்தது, எதைத் தொடுகிறது என்பது தெரியும். உப்பாமல் எடுத்த படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மாவு போல இருக்கும், ஈற்றையும் சேர்த்து எழுதிவிடுவோம். கோரிக்கைச் சீட்டில் "கன்னம் உப்பவைத்து" என்று எழுதினால் மட்டும் போதாது. அனுப்பும் முன் ஓ.பி.யிலேயே நோயாளியை இரண்டு முறை ஊதச் சொல்லிப் பழக்கிவிடுகிறோம். பாட்டிமார்கள் முதலில் வெட்கப்படுவார்கள், அப்புறம் சரியாகச் செய்துவிடுவார்கள்.

சி.டி.யின் குறைகள்: பல் அடைப்பு உலோகம் இருந்தால் அந்த மட்டத்தில் படம் கீற்றுக் கீற்றாகக் கெட்டுவிடும். நாக்கில் ஆழம் காட்டுவதில் பலவீனம். நரம்பு வழியாக ஏறும் நோயைத் தாமதமாகத்தான் காட்டும். நெறியில் குறுக்களவு 10 மி.மீ. என்ற அளவுகோலை மட்டும் நம்பினால் சிறியதில் இருக்கும் புற்றைத் தவறவிடுவோம். நடுவில் செத்த பகுதி, உருண்டை வடிவம், சுற்றுக் கொழுப்பில் கலக்கம் இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. நாக்குக்கும் வாயின் தரைப்பகுதிக்கும் முதல் இடம் பெறுகிறது. தசைக்குள் எவ்வளவு இறங்கியது, நடுக்கோட்டைத் தாண்டியதா என்பதை அது காட்டும் அளவுக்கு சி.டி. காட்டாது. நடுக்கோட்டைத் தாண்டியது என்றால் இரண்டு பக்கக் கழுத்துக்கும் கதிர் வேண்டும், ஆகவே அந்த விடைக்கு விலை உண்டு. படத்தில் அளக்கும் ஆழம், வெட்டி எடுத்து ஃபார்மலினில் சுருங்கிய திசுவில் அளப்பதைவிடச் சில மி.மீ. கூடுதலாக வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 5, 10 என்ற எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டிகளில் இது டி நிலையையே மாற்றும். சந்தேகம் வந்தால் கீழ் நிலையை எழுது என்பது டி.என்.எம். விதி, அதை இங்கே கடைப்பிடியுங்கள். எலும்பு மஜ்ஜைக்கும் எம்.ஆர்.ஐ. கூர்மையானது, ஆனால் சொத்தைப் பல்லின் வீக்கத்தையும், போன வாரம் பல் பிடுங்கிய குழியையும் புற்று போலக் காட்டிவிடும். பல் பிடுங்குவதற்கு முன் ஸ்கேனை முடித்துவிடுவது நல்லது.

இப்போது வாய் திறக்காதவரின் கதை. சாதாரணமாக மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல்தான் போகிறது. கன்னத்தில் கட்டியும் இருக்கிறது. மெல்லும் தசைக்குள் புற்று போய்விட்டது, டி4பி என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். இருபது வருடம் பாக்குப் போட்டவரின் வாய், கட்டி வருவதற்கு முன்பே இறுகியிருக்கலாம். எப்போதிலிருந்து திறக்கவில்லை என்று கேளுங்கள். "நாலஞ்சு வருசமாவே காரம் ஒத்துக்கல, கவளம் பெருசா வைக்க முடியல" என்றால் அது பாக்கின் வேலை. "ரெண்டு மாசமாத்தான்" என்றால் தசை பற்றிய கவலை நியாயமானது. இறுக்கத்தில் கன்னமும் உப்பாது, விரலும் நுழையாது, ஆக விரலும் சி.டி.யும் ஒரே நேரத்தில் கை விரித்துவிடும். இந்த ஒரு கூட்டத்தாருக்கு, கன்னத்துப் புற்றானாலும், எம்.ஆர்.ஐ.க்காக இன்னொரு பயணம் வரச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. டெரிகாய்டு தசைகள், அவற்றுக்கு மேலே மண்டையோட்டு அடியிலுள்ள ஓவல் துளை வழியாக நரம்பு ஏறும் பாதை எல்லாம் அதில்தான் தெரியும். டி4பி என்ற எழுத்து பல இடங்களில் ஆபரேஷன் இல்லை என்ற முடிவாகிவிடுகிறது. அதைப் பாக்கு இறுக்கத்தை நம்பி எழுதிவிடக் கூடாது. கீழ்த்தாடை எலும்பின் மேல் விளிம்பில் இருக்கும் சிக்மாய்டு பள்ளத்துக்குக் கீழே மட்டும் நோய் இருந்தால் அனுபவமுள்ள சர்ஜன்கள் இன்றும் வெட்டி எடுக்கிறார்கள் என்பதால், படத்தில் பள்ளத்துக்கு மேலா கீழா என்று ரேடியாலஜிஸ்டிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பெட் சி.டி., அதாவது கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன், பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் ஸ்டேஜ் எழுத வழக்கமாக இதைக் கேட்பது இங்கே சரியான செலவு அல்ல. கிருமி பிடித்த வாய்ப் புண்ணும் அதன் நெறிகளும் பெட்டில் பளிச்சென்று எரியும்; காசநோயும் எரியும். மிகச் சிறிய பரவல் எரியாது. கழுத்தில் பெரிய நெறி வந்து மூலம் எங்கே என்று தெரியாதவர், என்3 ஆகி உடம்பில் வேறெங்காவது பரவியிருக்குமோ என்ற அச்சம் உள்ளவர், கதிர் முடிந்தபின் திரும்ப வந்திருக்குமோ என்று சந்தேகிக்கப்படுகிறவர், இவர்களுக்குக் கேளுங்கள். கீமோவும் கதிரும் சேர்த்துக் கொடுத்து முடித்தவருக்குக் கழுத்தைப் பார்க்க வேண்டுமானால் 12 வாரம் பொறுத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் கதிரின் சூடே எரிந்து நம்மைப் பயமுறுத்தும்.

ஆக, கும்பகோணத்திலிருந்து கன்னத்துப் புண்ணோடு, வாய் நன்றாகத் திறக்கும் ஒருவர் வந்தால்: விரல், பார்த்ததைக் குறித்த வரைபடம், கன்னம் உப்பிய சி.டி., நெறி இருந்தால் ஊசி. ஒரே நாளில் முடித்து அனுப்பலாம். மன்னார்குடியிலிருந்து நாக்குப் புண்ணோடு வந்தால் விரலுக்குப் பின் எம்.ஆர்.ஐ.; அதுவும் நடுக்கோட்டை நெருங்கினால் கட்டாயம். வாய் திறக்காதவருக்கு இரண்டும். நெஞ்சுக்கு, டி1 டி2 கட்டியோடு நெறி இல்லாதவருக்கு எக்ஸ்ரே போதும். எந்த வழியானாலும் படத்தின் ஃபிலிம் மட்டும் போதாது, குறுந்தகடு வேண்டும். அது இருந்தால்தான் பிறகு கதிரைத் திட்டமிட நாம் எடுக்கும் பிளானிங் சி.டி.யோடு பொருத்தி, கட்டி இருந்த இடத்தைத் துல்லியமாக வரைய முடியும்.

குடும்பத்திடம் சொல்வதும் இந்த வேலையின் பகுதிதான். என்3பி என்று எழுதினால், டி, என், எம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் தொகுப்பு நிலை 4பி ஆகிவிடும். சீட்டில் அதைப் படித்துவிட்டு, "நாலாவது ஸ்டேஜாமே, கொண்டுபோயி வீட்ல வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாங்க" என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் பலர். தொலைவுக்குப் பரவியது 4சி மட்டுமே. 4ஏ, 4பி இரண்டிலும் குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை கொடுக்கிறோம். உறையைத் தாண்டியது, ஓரத்தில் புற்று இருந்தது என்றால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சேர்த்து 66 கிரே (கதிரின் அளவு) வரை போகிறோம், மற்றவர்களுக்கு 30 தவணையாக 60 கிரே. நாலு என்ற எண்ணைச் சொல்லும் அதே மூச்சில் இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அப்பாயியிடம் திரும்புகிறேன். பேரனிடம், "ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பாயி வாயை யாராவது போனில் எடுத்தீங்களாப்பா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுப் போனைத் தடவினான். ஜூன் மாதத்துப் படங்களில் இரண்டு கிடைத்தன. ஒன்றில், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த சி.டி. ஃபிலிம். இன்னொன்று, துபாயிலிருக்கும் அவன் அப்பாவுக்கு அனுப்புவதற்காக எடுத்தது: வலது கன்னத்தின் வெளித்தோலில், காது மடலுக்கு இரண்டு விரல் முன்னால், ஐந்து காசு அளவுக்கு ஒரு சுருக்கம். ஃபிலிம் படத்தில், உள்ளே புண் மேல் ஈறு வரை ஏறவில்லை, கன்னத்துக்கும் கீழ் ஈற்றுக்கும் இடையிலான பள்ளத்தோடு நின்றிருந்தது. இதை வைத்து நாங்கள் வலது பக்கம் மட்டும் வரைந்தோம். சுருக்கம் இருந்த தோலுக்கு மேல், தோலுக்கும் முழுக் கதிர் சேர, போலஸ் என்ற சதை போன்ற பட்டை வைத்தோம். இடது சுரப்பி தப்பியது. இப்போது முதல் நாள் வருகிறவர்களின் கன்னம், வாய், கழுத்து மூன்றையும் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் போனிலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்துவிடச் சொல்கிறோம்.